கத்தரிப்பூ நிறம் வெளுத்த பிறகு: மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைகளில் நான் கற்றவை

டிபிபிஎச் என்றொரு கருமையான பொடி உண்டு. ஒரு சிட்டிகையை மெத்தனாலில் கரைத்தால் நல்ல கத்தரிப்பூ நிறம் வரும். அதில் நெல்லிக்காய்ச் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால் கண் முன்னாலேயே நிறம் வெளுத்து இளமஞ்சளாகிவிடும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் "மேடம், போயிருச்சு!" என்று கத்துவார்கள். திருச்சி பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட் என்று வந்துவிட்டால் பாதிப் பேர் ஏதாவது ஒரு மூலிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து "இதுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் பண்ணலாம் மேடம்" என்பார்கள். செலவு குறைவு. ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும். முடிவும் பெரும்பாலும் நன்றாகவே வரும், ஏனென்றால் பச்சையாக முளைக்கிற எந்தச் செடியிலும் கொஞ்சமாவது ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கத்தான் செய்கிறது.

அந்தச் சோதனைக் குழாயில் நடப்பதை அப்படியே மனித உடம்புக்குள் நடப்பதாக எடுத்துக்கொண்டு, கடைகளில் பவுடரும் கேப்சூலும் விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தச் செடிகள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அதனாலேயே, அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதை ஆய்வகத்தில் பார்த்தது, அடுப்படியில் பார்த்தது, தெரிந்தவர்கள் வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த நிறம். எலக்ட்ரான்கள் பொதுவாக ஜோடியாக இருக்கும். ஜோடி இல்லாமல் ஒற்றை எலக்ட்ரானோடு திரிகிற மூலக்கூறுதான் ஃப்ரீ ராடிக்கல். பெரும்பாலானவை நொடிப்பொழுதுகூட நிலைக்காது. பக்கத்தில் இருப்பதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். அதற்கு வேண்டியதைத் தானே கொடுத்து அதை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். நிலைத்து நிற்கக்கூடிய ஒன்றை 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் முதன்முதலாகக் கண்டார். டிபிபிஎச்சும் அந்த வகைதான். புட்டியில் அடைத்து வைக்கலாம், வாங்கி விற்கலாம். ஆன்டிஆக்ஸிடன்ட்களை அளக்க அதைப் பயன்படுத்தலாம் என்று பிளாய்ஸ் என்பவர் 1958-இல் எழுதினார். செடியில் இருக்கும் கேலிக் அமிலம், குவெர்செட்டின், வைட்டமின் சி போன்றவை தங்களிடம் இருக்கும் ஒரு ஹைட்ரஜனை அதற்குக் கொடுத்துவிடும். ஒற்றை எலக்ட்ரானுக்கு ஜோடி கிடைத்ததும் கத்தரிப்பூ நிறம் போய்விடும். 517 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து, எவ்வளவு வெளுத்தது என்று கணக்குப் போடுகிறோம். சோதனை சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சாற்றில் ஹைட்ரஜனோ எலக்ட்ரானோ எளிதாகக் கொடுக்கக்கூடிய பொருள் இருக்கிறது. மெத்தனாலில், அறை வெப்பநிலையில், அரை மணி நேரத்துக்குள்.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்து வைத்திருக்கவில்லை. காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கிறது, நிழலுக்கு நகர முடியாது. ஒளிச்சேர்க்கை நடக்கும் இடத்திலேயே வீரியமான ஆக்சிஜன் வகைகள் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கக் கரோட்டினாய்டு வேண்டும், வைட்டமின் சி வேண்டும், ஃபிளேவனாய்டு வேண்டும். பூச்சியும் ஆடும் கடிக்காமல் இருக்கத் துவர்ப்பான டேனின் வேண்டும். வெயில் நன்றாகப் படும் இலையில் ஃபிளேவனாய்டு கூடும், நிழலில் வளர்ந்த இலையில் குறையும். ஒரே கொல்லையில் பங்குனியில் பறித்த முருங்கைக்கீரையும் மார்கழியில் பறித்ததும் ஒரே எண்ணைத் தராது. ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பறித்த தேதி, ஊர், இலை இளசா முற்றலா, வெயிலா நிழலா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வருஷம் வருகிறவருக்கு உங்கள் எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

அதற்கும் முன்னால் செடி எது என்று உறுதி செய்ய வேண்டும். கீழாநெல்லி என்று கொண்டுவந்த கட்டில் கீழாநெல்லியோடு அதே குடும்பத்து வேறு செடிகளும் கலந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கினால் கீழாநெல்லிதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிக் காய்க்கும் இனங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாவரவியலாரிடம் காட்டிப் பெயர் வாங்குவதுதான் முறை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் காப்பகம், பெரிய கொடுப்பினை. பொடியாக வாங்கிய மூலிகையில் ப்ராஜெக்ட் செய்ய நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி கரிசலாங்கண்ணி எடுத்திருந்தாள். சீக்கிரம் முடிக்கலாம் என்று மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னார்கள் கூட இருந்தவர்கள். அவள் தயங்கினாள். "எங்க அப்பாயி இத வெயில்ல போடவே விடாது மேடம். திண்ணையில நெழல்லதான் ஒணத்தணும்னு சொல்லும்" என்றாள். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரே கொல்லையில் பறித்த இலையைப் பங்கு பிரித்தோம். ஒரு பங்கு வெயிலில், ஒரு பங்கு நிழலில், ஒரு பங்கு குறைந்த சூட்டில் ஓவனில். வெயிலில் காய்ந்தது பழுப்பேறி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. சாற்றுக்கு வீரியமும் மற்ற இரண்டைவிடக் குறைவு. நிழலும் ஓவனும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் வந்தன. அந்தப் பெண் அதோடு விடவில்லை, நிழலிலேயே ஒரு கைப்பிடியைக் குவியலாகப் போட்டுப் பார்த்தாள். அது உள்ளே புழுங்கிக் கறுத்துப்போனது. இலை வாடும்போது செல்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, கேலிக் அமிலம், குவெர்செட்டின் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களைத் தின்ன ஆரம்பிக்கும். ஈரம் இருக்கும்வரை அது ஓயாது. அதனால் நிழல் மட்டும் போதாது. இலைமேல் இலை விழாமல் பரப்ப வேண்டும், காற்று ஓட வேண்டும், கையில் நொறுங்கும்வரை காய வேண்டும். பிறகு வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு இறுக மூட வேண்டும். முருங்கைப் பொடியைக் கண்ணாடி பாட்டிலில் ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள், பச்சை மாறி காக்கி நிறத்துக்கு வந்துவிடும். நிறம் அப்படிப் போன பொடியில் உள்ளேயும் நிறைய போயிருக்கும்.

இன்னொரு பையன் செம்பருத்திப் பூவை எடுத்தான். நன்றாகச் சிவந்த ஒற்றை இதழ்ப் பூ. எல்லா ஃபீனால் சோதனையிலும் நல்ல எண். டிபிபிஎச்சில் மட்டும் ஒன்றுமே இல்லாத மாதிரி வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான். குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டது. கத்தரிப்பூ நிறம் போயிருந்தது, ஆனால் அந்த இடத்தில் செம்பருத்தியின் சிவப்பு நின்றது. அந்தச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சுவதும் ஏறக்குறைய 520 நானோமீட்டரில்தான். கருவிக்கு இரண்டு நிறமும் ஒன்று. டிபிபிஎச் சேர்க்காமல் சாறும் மெத்தனாலும் மட்டும் கலந்த ஒரு குழாயை ஒவ்வொரு செறிவுக்கும் தனியாக வைத்து, அதன் அளவைக் கழித்த பிறகு உண்மையான எண் வந்தது. நாவல் பழம், மங்குஸ்தான் தோல், சிவப்புக் கீரை, எதைச் செய்தாலும் இது வேண்டும். நிறமில்லாத சாற்றுக்கும் வைத்துவிடுவதே நல்ல பழக்கம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிபிபிஎச் கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள், அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வையுங்கள். அது தண்ணீரில் கரையாது. கஷாயத்தை அதிகமாக ஊற்றினால் கலங்கிப்போய் அளவு தப்பாகும். ஃபோலின் முறையில் மொத்த ஃபீனால் அளக்கும்போது வைட்டமின் சியும் நீலம் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். நெல்லிக்காயில் வரும் பெரிய எண் முழுவதும் ஃபீனால் இல்லை. எந்தச் சோதனையானாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது சுத்தமான வைட்டமின் சியை, ஓடவிடுங்கள்.

ஐசி50 என்ற எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாதி டிபிபிஎச்சை வெளுக்கச் செய்ய எவ்வளவு சாறு தேவை என்பதுதான் அது. எண் சிறிதாக இருந்தால் வீரியம் அதிகம். ஆனால் எவ்வளவு டிபிபிஎச் எடுத்தோம், எத்தனை நிமிடம் வைத்தோம், சாற்றின் செறிவைக் குழாயில் கலந்த பிறகு கணக்கிட்டோமா கலக்கும் முன்பா என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். ஒரு ஊரில் எடுத்த ஐசி50-ஐ இன்னொரு ஊரில் எடுத்ததோடு வைத்து "எங்கள் செடி உசத்தி" என்று சொல்ல முடியாது. "வைட்டமின் சியைவிடப் பல மடங்கு" என்று ஆய்வேட்டில் எழுதிக்கொண்டு வந்தால் நான் அடித்துவிடுவேன். "எனவே இம்மூலிகை புற்றுநோயைத் தடுக்கும்" என்ற கடைசி வரியையும் அடித்துவிடுவேன். பிள்ளைகளுக்கு முகம் வாடும். குழாயில் புற்றுநோய் இல்லையே, கண்ணு, என்று சொல்லிப் புரியவைப்பேன். இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. உணவுப் பொருள்களின் ஓஆர்ஏசி என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களைப் பட்டியலாக வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் கிடைக்கும் பலனுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை, விற்பனைக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது.

அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதே வெறும் பேச்சா? இல்லவே இல்லை. அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அடுப்படிக்குப் போங்கள்.

வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலையோ கறிவேப்பிலையோ போட்டு, படபடவென்று பொரிந்ததும் இறக்குவோம். வாசனைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இளங்கலை மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு இதையே ஒரு பாடமாக வைத்தேன். ஒரே வெண்ணெய், ஒரு பாதி இலை போட்டு உருக்கியது, ஒரு பாதி போடாதது. மூடியைத் தளர்த்தி ஒரே அலமாரியில் சில வாரம் வைத்துவிட்டுப் பெராக்சைடு எண் பார்த்தோம். கெட்டுப்போகத் தொடங்கிய கொழுப்பில் இருக்கும் பெராக்சைடு, பொட்டாசியம் அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றும். ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த நீலம் மறையும் இடத்தைக் குறிக்க வேண்டும். இலை போட்ட நெய்க்குச் சில சொட்டிலேயே நீலம் போய்விட்டது. போடாததற்கு, தயோசல்ஃபேட் சொட்டும் பியூரெட் குழாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். மூடியைத் திறந்து முகர்ந்தாலே வித்தியாசம் தெரிந்தது. இலையிலிருந்த ஃபீனால்கள் சூட்டில் நெய்க்குள் இறங்கி, கொழுப்பில் தொடங்கும் சங்கிலி வினையை நடுவிலேயே அறுத்துவிடுகின்றன. இங்கே ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயர் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

நல்லெண்ணெயும் அப்படித்தான். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் லினோலிக் அமிலம், காற்றுப் பட்டால் எளிதில் கெடும் கொழுப்பு அமிலம். கணக்குப்படி சீக்கிரம் சிக்கு வாடை அடித்திருக்க வேண்டும். அடிப்பதில்லை, காரணம் எள்ளிலிருக்கும் செசமின், செசமோலின், செசமால். சூடு பட்டால் செசமோலின் உடைந்து இன்னும் வீரியமான செசமால் ஆகும். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோமே, அதில் எவ்வளவு பட்டறிவு இருக்கிறது பாருங்கள். வாழைப்பூவை ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போடுவதும் இதே கதைதான். கரிசலாங்கண்ணி இலையைக் கறுக்கச் செய்த அதே நொதி வாழைப்பூவையும் கறுக்கச் செய்யும். மோரின் புளிப்பு அதன் வேகத்தை அடக்குகிறது.

இனி உடம்பு. மஞ்சளை எடுத்துக்கொள்கிறேன், அதிகமாக விற்கப்படுவது அதுதான். மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம், வகையைப் பொறுத்துக் கூடும் குறையும். டிபிபிஎச்சை நன்றாகவே வெளுக்கும். ஆனால் தண்ணீரில் கரையாது, குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதே, அது குர்குமின் காரத்தைத் தொட்டதன் அடையாளம். காரத்தில் அது நிலைக்காது. நம் ரத்தத்தின் லேசான காரத்தன்மை அளவுக்கு வைத்த கரைசலில், உடல் சூட்டில், அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுவதாக 1997-இல் அளந்திருக்கிறார்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. இன்று கேப்சூல் டப்பாக்களில் "மிளகுச் சத்துடன்" என்று போடுவதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். கூடியது உண்மை. ஆனால் ஏற்கெனவே மிகமிகக் குறைவாக இருந்ததுதான் அப்படிக் கூடியது. பைப்பரின் கல்லீரலின் மாற்றும் வேலையைத் தடுத்துத்தான் இதைச் செய்கிறது. நாம் சாப்பிடும் மற்ற மாத்திரைகளுக்கும் அதே தடை விழும்.

உடம்புக்குச் சொந்தமாகவே ஒரு காவல் இருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ராடிக்கலை அடக்கும் வேலையைச் செய்கிறது என்பதை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் காட்டினார்கள். கேட்டலேஸ், குளுட்டாதயோன் எல்லாம் அதன் கூட்டாளிகள். செடியிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரும் துளியூண்டு பாலிஃபீனால், ராடிக்கல்களை நேராகப் பிடித்து அடக்கும் அளவுக்குப் போதாது. பல செடிப் பொருள்கள் செய்வது வேறு வேலை. செல்லுக்குள் கீப்1 என்ற புரதத்தை லேசாகச் சீண்டும். உடனே என்ஆர்எஃப்2 என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் போய், நம்முடைய சொந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்யச் சொல்லும். தெருநாய் குரைத்தால் வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிற மாதிரி. இதற்குச் சிறு அளவு போதும், கிலோக்கணக்கில் தேவையில்லை.

பெரிய அளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மனிதர்களிடமே பார்த்துவிட்டார்கள். கரோட்டின் நிறைந்த காய்கனி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்களையும் சேர்த்து 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்து, 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரட்டிலும் கீரையிலும் நல்லது செய்கிற அதே பொருள். ஆக்சிஜன் ராடிக்கல்கள் உடம்புக்கு முழுப் பகையும் இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ராடிக்கல்தான் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வழிகாட்டும் சமிக்ஞை. வைட்டமின் சியும் ஈயும் அதிக அளவில் கொடுத்தபோது பயிற்சியின் அந்தப் பலன் கிடைக்காமல் போனதை 2009-இல் ஜெர்மனியில் பார்த்தார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் கணவருக்கு மூட்டுவலி. யாரோ சொன்னார்கள் என்று மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் தினமும் சாப்பிட்டு வந்தார். சில மாதத்தில் பசியே இல்லை, சிறுநீர் அடர்மஞ்சள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கல்லீரல் என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. குடியும் இல்லை, வைரஸும் இல்லை. டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டபோது அவர் பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னார். கேப்சூலைச் சொல்லவே இல்லை, அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. "மஞ்சள்தானே அக்கா, குழம்புல போடுறதுதானே" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னபோதுதான் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பப் போகச் சொன்னேன். நிறுத்திய பிறகு படிப்படியாகச் சரியானார். இது அபூர்வம்தான், ஆனால் புதிது இல்லை. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் வந்ததாகக் கண்டறிந்த 10 கல்லீரல் பாதிப்புகளை 2022-இல் வெளியிட்டார்கள். அதில் 7 பேருக்கு ஒரே குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிரீன் டீயும் அப்படித்தான். குடிக்கிற டீயால் பயமில்லை; அதன் சாரத்தை, அதிலிருக்கும் ஈஜிசிஜி என்ற ஃபீனால் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ வரும்படி மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் என்சைம் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

எங்கள் வீட்டில் மஞ்சள் குழம்பில்தான் இருக்கிறது, டப்பாவில் இல்லை. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிறேன். பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வரக் காரீயக் குரோமேட் பூசியதை 2019-இல் கண்டுபிடித்தார்கள்; அதைப் படித்ததிலிருந்து அளவுக்கு மீறி மின்னும் மஞ்சளை நான் தொடுவதில்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் சமையலில் குர்குமின் எவ்வளவு போகிறது என்று அளந்திருக்கிறார்கள். 27 முதல் 53 சதவீதம் வரை போகிறது, பிரஷர் குக்கரில் 10 நிமிடம் வைத்தால் மிக அதிகம். புளி சேர்ந்திருந்தால் இழப்பு 12 முதல் 30 சதவீதம்தான். புளிப்பில் குர்குமின் நிலைக்கும் என்பதை ஆரத்தித் தட்டின் சிவப்பு மறுபக்கத்திலிருந்து காட்டியது. அதனால் பருப்போடு மஞ்சளைக் குக்கரில் போடுவதைக் குறைத்துவிட்டேன். புளித் தண்ணீர் கொதிக்கும்போது சேர்க்கிறேன், எண்ணெயும் மிளகும் எப்படியும் ரசத்திலும் குழம்பிலும் வந்துவிடுகின்றன.

நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் வெட்டுவாய் கறுக்கும். டேனினும் இரும்பும் பிணைந்துகொள்வதால் வரும் கறுப்பு அது. தட்டில் நடப்பது வயிற்றிலும் நடக்கும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் கீரையிலிருக்கும் இரும்பை டேனின் பிடித்துக்கொண்டு போய்விடும். ரத்தசோகை உள்ள பெண்பிள்ளைகள் நிறையப் பேர் என் வகுப்பில் உண்டு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடச் சொல்வேன். கீரைக்கு எலுமிச்சை பிழியச் சொல்வேன், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். நெல்லிக்காயின் வைட்டமின் சி பற்றிப் பழைய இந்திய உணவு அட்டவணை 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்றது. 2017-இல் வந்த புதிய அட்டவணையில் அதில் பாதிக்கும் குறைவு. அப்படியிருந்தும் ஒரு காயே ஒரு நாளுக்குப் போதும். வற்றலாகப் போட்டால் வைட்டமின் சி பெரும்பகுதி போகும். துவர்ப்பு இருக்கும்வரை டேனின் இருக்கும், டிபிபிஎச்சும் வெளுக்கும். சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லியை மட்டும் சத்துக்காக என்று வாங்காதீர்கள்.

"சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்று சொல்லி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சுக்கின் தோலைச் சீவுவார்கள், கடுக்காயின் கொட்டையை எடுப்பார்கள். எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். சாரத்தைப் பிழிந்து கேப்சூலில் அடைக்கும்போது இந்தக் கேள்விகள் எல்லாம் விட்டுப்போகின்றன. சித்த மருத்துவம் எடுப்பதென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நாடி பார்த்து எடுங்கள். ஆன்லைனில் நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்காதீர்கள்.

குறிப்பாகச் சிலர் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், பூண்டு சாரங்களைத் தொட வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிறுகுறிஞ்சான், வெந்தயப் பொடி என்று சேர்த்துக்கொண்டே போனால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். கீமோவோ கதிர்வீச்சோ நடக்கும்போது ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். அந்த சிகிச்சைகளில் சில புற்றுசெல்லைக் கொல்வதே ராடிக்கல்களை உண்டாக்கித்தான். கர்ப்பிணிகளுக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு வீட்டில் இருக்கும் பொடி, லேகியம், கேப்சூல் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கவில்லை என்றாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.